எல்லையோரத்து முதல் நாவல்: அச்சான பிறகு எந்த வழியில் போகிறது?

முதல் நாவலை எழுதி முடித்த ஒருவர் இன்று அச்சுச் செலவை நினைத்து அஞ்ச வேண்டிய நிலை இல்லை. ஆஃப்செட் அச்சு மட்டுமே இருந்த காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அடித்தால்தான் ஒரு பிரதியின் அடக்கவிலை கட்டுப்படியாகும். இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதிகள்கூடப் போடலாம். கேட்ட அளவுக்கு மட்டும் அச்சிட்டுத் தரும் முறையில் ஒரே ஒரு பிரதியைக்கூட எடுக்க முடிகிறது. ஆனாலும் மார்த்தாண்டம், களியக்காவிளை, செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சிப் பக்கங்களிலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழில் எழுதுகிறவர்களின் முதல் நாவலுக்குப் பெரும்பாலும் ஒரே கதிதான் நேர்கிறது. வெளியீட்டு விழாவன்று நண்பர்களும் உறவினர்களும் வாங்கியது போக, மீதிப் பிரதிகள் கட்டுப் பிரிக்கப்படாமல் எழுத்தாளர் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. இதற்கு நாவலின் தரத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. நூல் யார் வழியாக யார் கைக்குப் போகப்போகிறது என்ற கேள்வியை அச்சுக்குக் கொடுத்த பிறகே நாம் கேட்கத் தொடங்குகிறோம். எல்லையோரத்தில் இருப்பவருக்கு இரண்டு மாநிலங்களின் வழிகளும் திறந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் நம்பி மற்றொன்றைத் தொடாமலே விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இந்த நிலப்பகுதியின் அமைப்பைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர் கணிசமாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. கோட்டின் இருபுறத்திலிருந்தும் தமிழ் நாவலுக்கு வந்து சேர்ந்த வளம் சிறிதன்று. சுந்தர ராமசாமி, நீல பத்மநாபன், பொன்னீலன், நாஞ்சில் நாடன், ஜெயமோகன் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர் ஆ. மாதவன். மலையாள வழியில் பள்ளிக் கல்வி கற்ற தோப்பில் முகமது மீரான் தம் முதல் நாவலை 1988இல் சொந்த முயற்சியிலேயே நூலாக்கினார்; 1997இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அண்மைக் காலத்தில் மலர்வதி 2012இலும் ஆர். அபிலாஷ் 2014இலும் தங்கள் நாவல்களுக்காக அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்கு வழங்கும் யுவ புரஸ்கார் விருதைப் பெற்றனர். இருவருமே குமரி மாவட்டத்தவர்கள். ஆகவே எழுத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. நூல் வணிகத்தின் கணக்குப் புத்தகம் மட்டும் எப்போதும் சென்னையிலேயே இருந்துவந்திருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து இயங்கும் காலச்சுவடு போன்ற ஒரு பதிப்பகம் அதற்கு விலக்கு.

கைப்பிரதி தயாரானதும் எழுத்தாளர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. தன் பணத்தைப் போட்டு நூலை வெளியிடும் பதிப்பகம் முதலாவது. செலவில் ஒரு பகுதியை எழுத்தாளரிடம் கேட்கும், அல்லது நூறு இருநூறு பிரதிகளை அவரே விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் பதிப்பகம் இரண்டாவது. எழுத்தாளரே பதிப்பாளராவது மூன்றாவது. இரண்டாவது வழியைக் கேவலமாகப் பேசுவது இலக்கியக் கூட்டங்களில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் கொடுப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. கொடுக்கும் பணத்துக்கு ஈடாக நூல் எத்தனை கடைகளுக்குப் போகும், எந்தெந்தப் புத்தகக் காட்சிகளில் வைக்கப்படும், நூலகக் கொள்முதலுக்கு அனுப்பப்படுமா என்பவை எழுத்தில் இல்லாமல் போவதுதான் கேடு. அச்சுக்கு மட்டும் பணம் கொடுப்பதென்றால் அச்சகத்துக்கே நேராகக் கொடுத்துவிடலாம்.

எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்குச் சட்டமே அடிப்படை தருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எழுத்துமூலமாகக் கையொப்பமிடப்படாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். முதல் நாவலாசிரியர் பலர் தொலைபேசிப் பேச்சிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, இரண்டாம் பதிப்பு வந்ததா இல்லையா என்பதைக்கூட அறியாமல் இருக்கிறார்கள். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். அச்சுநூல் உரிமை, மின்னூல் உரிமை, ஒலிநூல் உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி, அச்சுநூல் உரிமையை மட்டும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுப்பது முறையானது. மலையாள மொழிபெயர்ப்பு உரிமையை எக்காரணம் கொண்டும் முதல் ஒப்பந்தத்தோடு சேர்த்துவிடக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சொந்தமாக வெளியிடுகிறவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நூலைத் தனித்து அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை வழங்குகிறது; அதற்குக் கட்டணம் கிடையாது. தன் நூலைத் தானே வெளியிடும் எழுத்தாளரும் இணையவழியில் விண்ணப்பிக்கலாம். இந்த எண்ணுக்கென்று தனித் தொகை கேட்பவரிடம், அந்தத் தொகை எந்தச் சேவைக்கு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி வரியும் இல்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, பதிப்பாளர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் படிகள் அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடுகிறவர்கள் இதைத் தவறவிடுவது அதிகம். கன்னிமாராவில் இல்லாத நூல் ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் கண்ணில் படுவதற்கு வழியே இல்லை.

இனிப் பணக்கணக்கு. டெமி அளவில் 240 பக்க நாவல் என்றால், பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில், 15 ஃபாரம். அதற்கு 300 ரூபாய் விலை வைத்ததாகக் கொள்வோம். கடைக்காரருக்கோ விநியோகஸ்தருக்கோ 35 விழுக்காடு கழிவு கொடுத்தால் 105 ரூபாய் போகிறது. எழுத்தாளருக்கு வழக்கமான 10 விழுக்காடு ராயல்டி 30 ரூபாய். மிச்சமிருக்கும் 165 ரூபாயில் தாள், அச்சு, நூல் கட்டுமானம், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை, கிடங்கு, ஸ்டால் வாடகை, லாரி கட்டணம் அனைத்தும் அடங்க வேண்டும். இருநூறு பிரதி மட்டும் அச்சிடும்போது ஒரு பிரதியின் அடக்கவிலை கூடிவிடுவதால் பதிப்பாளருக்கும் பெரிதாக ஒன்றும் நிற்பதில்லை. அதே நூலை எழுத்தாளர் 40 விழுக்காடு கழிவில் 180 ரூபாய்க்கு எடுத்து, வாசகருக்கு 10 விழுக்காடு தள்ளி 270 ரூபாய்க்கு நேரில் விற்றால், அவர் கையில் 90 ரூபாய் நிற்கிறது. எழுத்தாளர் நேரில் விற்கும் ஒரு பிரதி, கடையில் விற்கும் மூன்று பிரதிக்குச் சமம். தமிழ்ப் புத்தகக் கடை அரிதாகவே உள்ள பாலக்காடு, இடுக்கிப் பகுதிகளில் இது வருவாய்க் கணக்கு மட்டுமன்று; நூல் அங்கே போய்ச் சேர்வதற்கே வேறு வழி குறைவு.

அண்டை மொழியான மலையாளத்தில் இதே சிக்கலுக்கு எழுத்தாளர்களே ஒரு விடை கண்டிருக்கிறார்கள். 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து 120 ரூபாய் மூலதனத்தில் சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பாலும் காரூர் நீலகண்ட பிள்ளையும் அதன் முன்னோடிகள். நூலாசிரியருக்கு 30 விழுக்காடு ராயல்டி என்று அது வைத்த வழக்கம் இன்றும் பேசப்படுகிறது. சங்கம் நூல் அச்சிட்டதோடு நின்றுவிடாமல், நேஷனல் புக் ஸ்டால் என்ற பெயரில் ஊர்தோறும் விற்பனைக் கிளைகளை அமைத்தது. ராயல்டி உயர்ந்ததற்கு அந்த விற்பனை வலையே காரணம். எல்லைப்புறத்துத் தமிழ் எழுத்தாளர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பொதுக் கிடங்கும் ஒரு பில் புத்தகமும் வைத்துக்கொண்டால்கூட, ஒவ்வொருவரும் தனித்தனியே பை தூக்கி அலையும் நிலை மாறும்.

நூலகங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரு மாநிலங்களின் வேறுபாடு இங்கேதான் கூர்மையாகத் தெரிகிறது. தமிழ்நாட்டின் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. இந்தியாவிலேயே அவ்வகையில் முன்னோடியானது. சொத்துவரியோடு வசூலிக்கப்படும் நூலக வரியே அதன் நிதி ஆதாரம். கொள்முதல் முடிவு மாநில அளவில் எடுக்கப்படுவதால், ஒரு நூல் தேர்வானால் நூற்றுக்கணக்கான பிரதிகளுக்கு ஒரே ஆணை வரும். தேர்வாகாவிட்டால் ஒன்றும் இல்லை. லைப்ரரி ஆர்டரை நம்பியே பல காலம் தமிழ்ப் பதிப்பகங்கள் முதற்பதிப்பின் எண்ணிக்கையை முடிவு செய்தன. ஆணை தள்ளிப்போன ஆண்டுகளில் முதல் நூல்களுக்கே முதலில் வெட்டு விழுந்தது. 2024இல் வந்த வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை இணையவழி விண்ணப்பத்தைக் கொண்டுவந்திருப்பது நல்ல மாற்றம். யாரிடம் சொல்லி வைப்பது என்று அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். ஆனால் விண்ணப்பிப்பவர் பதிப்பாளர். அவர் உங்கள் நாவலைப் பதிவேற்றினாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும், நூலகப் பிரதிகளுக்கான ராயல்டி எப்போது வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் எழுத்தாளரின் வேலை.

கேரளத்தின் முறை வேறு. 1945இல் பி.என். பணிக்கர் முயற்சியில் உருவான கிரந்தசாலை என்ற நூலக இயக்கம் ஊர்தோறும் மக்கள் சேர்ந்து நடத்தும் வாயனசாலைகளை, அதாவது வாசகசாலைகளை, வளர்த்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மாநில நூலகக் கவுன்சிலில் இணைந்த நூலகங்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவும் செயலாளரும் உண்டு. கவுன்சிலிலிருந்து வரும் மானியத்தில் ஒரு பகுதியை நூல் வாங்கச் செலவிட வேண்டும். எந்த நூல் என்பதை அந்தந்த நூலகமே முடிவு செய்கிறது. மாவட்ட நூலகக் கவுன்சில்கள் நடத்தும் புத்தக விழாக்களில் நூலகச் செயலாளர்கள் கூட்டமாக வந்து வாங்கிச் செல்வார்கள். இங்கே ஒரே ஆணையில் எண்ணூறு பிரதி போகாது. ஆனால் ஒரு செயலாளரிடம் நேரில் பேசி ஒரு பிரதியை விற்க முடியும்; சித்தூர், தேவிகுளம், உடும்பஞ்சோலைப் பகுதிகளில் தமிழ் வாசகர் உள்ள வாயனசாலைகளை ஒவ்வொன்றாகச் சென்று பார்க்க முடியும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்படியொரு வாயனசாலையின் தமிழ் அலமாரியைப் பார்த்தேன். இரண்டே தட்டுகள். அட்டை கிழிந்து காக்கித்தாள் ஒட்டிய பழைய குடும்ப நாவல்கள், வார இதழ்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள், சில வாழ்க்கை வரலாறுகள். நூல் வழங்கும் பதிவேட்டில் அந்த இரண்டு தட்டுப் புத்தகங்களும் திரும்பத் திரும்ப வந்திருந்தன. ஒரே நாவலை ஒரே உறுப்பினர் இரண்டாம் முறையும் எடுத்திருந்தார். புதிதாக வந்தது எது என்று கேட்டதற்குச் செயலாளர், "தமிழ்ப் புஸ்தகம் வேணும்னுதான் நாங்களும் கேக்கறோம். மேளாவுக்கு யாருமே கொண்டுட்டு வர்றதில்லீங்களே" என்றார். பணம் இருக்கிறது, வாசகர் இருக்கிறார், வாங்க அதிகாரம் உள்ளவரும் இருக்கிறார். நூலைக் கொண்டுபோய் மேசையில் வைக்கும் ஆள்தான் இல்லை. விலைப் பட்டியல், கழிவு விவரம், முறையான ரசீது ஆகிய மூன்றும் இருந்தால் போதும். நூலகக் கணக்குக்கு ரசீது இல்லாமல் எந்தச் செயலாளராலும் வாங்க முடியாது என்பதைச் சொந்தமாக வெளியிடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரி, கேரளப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் தமிழ்த் துறைகளையும் திருவனந்தபுரம் தமிழ்ச் சங்கத்தையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். மூணாறு எஸ்டேட்டுகளில் தமிழாசிரியர்களும் தொழிற்சங்கக்காரர்களுமே நல்ல வழிகாட்டிகள்.

விளம்பரம் என்ற பெயரில் நடப்பதில் எனக்கு மிகுந்த குறை உண்டு. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், ஃபிளெக்ஸ், சால்வை, சாப்பாடு என்று ஆகும் தொகையில் இன்னும் நூறு பிரதிகள் அச்சிட்டுவிடலாம். விழாவுக்கு வருகிறவர்களில் எவரும் நாவலைப் படித்திருக்க வாய்ப்பில்லை என்பதால் அங்கே பேசப்படுவதும் எழுத்தாளரைப் பற்றியதாகவே இருக்கும். நூல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, படித்தவர்கள் மட்டும் பேசும் ஒரு விமர்சனக் கூட்டம் மார்த்தாண்டத்திலோ பாலக்காட்டிலோ நடந்தால், அதைக் கேட்டவர் கடைக்குப் போய்ப் பெயர் சொல்லி நூலைக் கேட்பார். விழாவை எளிமையாக்கி, மிச்சப்படும் பணத்தில் இருபது முப்பது மதிப்புரைப் பிரதிகளைச் சிற்றிதழ்களுக்கும், முகநூலிலும் யூடியூபிலும் நிதானமாக நூல்களைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் அனுப்புவது பயனுள்ளது. முன்வெளியீட்டுத் திட்டமும் நல்ல வழி: குறைந்த விலையில் முன்பதிவு வாங்கினால், எத்தனை பிரதி அச்சிடலாம் என்பது அச்சுக்கு முன்பே தெரிந்துவிடும். நாவலின் ஓர் அத்தியாயத்தையோ அதே நிலப்பரப்பில் நிகழும் ஒரு சிறுகதையையோ முன்கூட்டியே இதழில் வெளியிட்டிருந்தால் முன்பதிவு எளிதாகும்.

வட்டார வழக்கு இங்கே தனிக் கவனம் கேட்கிறது. விளவங்கோட்டுப் பேச்சிலோ சித்தூர்ப் பேச்சிலோ உரையாடல் எழுதப்பட்ட நாவல் சென்னையில் மெய்ப்புப் பார்க்கப்படும்போது, வழக்குச் சொற்கள் பிழை என்று கருதப்பட்டுத் திருத்தப்படுவதுண்டு. திருத்தம் ஒரு பக்கத்தில் விழுந்து அடுத்த பக்கத்தில் விடுபட்டால் ஒரே பாத்திரம் இரண்டு விதமாகப் பேசும். மாற்றக் கூடாத வடிவங்களின் பட்டியலைக் கைப்பிரதியோடு கொடுத்துவிட்டால் இந்தத் துன்பம் இல்லை. அந்தப் பட்டியலையே சற்று விரித்து நூலின் இறுதியில் சொற்பொருளாகச் சேர்த்தால் தஞ்சாவூர் வாசகருக்கும் உதவும்.

புத்தகக் காட்சிகளைப் பொறுத்தவரை, 1977இல் சிறிய அளவில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியே இன்றும் தமிழ் நூல் ஆண்டின் நடுநாயகம். ஈரோட்டில் 2005 முதல் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் விழாவும், 2022 முதல் அரசு ஆதரவோடு மாவட்டந்தோறும் நடக்கும் காட்சிகளும் அந்த ஒற்றை மையத்தைச் சற்றுப் பரவலாக்கியிருக்கின்றன. தனி எழுத்தாளர் ஸ்டால் எடுப்பது கட்டுப்படியாகாது. வேறொரு பதிப்பகத்தின் ஸ்டாலில் விற்ற பிரதிக்கு மட்டும் பணம் பெறும் கன்சைன்மென்ட் முறையில் பத்துப் பிரதி வைப்பதே நடைமுறை. பிரதிகளை ஒப்படைத்ததற்கான டெலிவரி சலானில் கையொப்பம் வாங்கி, காட்சி முடிந்த வாரத்திலேயே கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

அஞ்சல் வழியும் மாறிவிட்டது. பல ஆண்டுகளாகச் சிறு பதிப்பாளர்கள் நம்பியிருந்த புத்தக அஞ்சல் சலுகை நின்றுபோனபின், 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவை வந்துள்ளது. முந்நூறு கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் போவதால் சற்று நாளாகும். எந்த நூல்களுக்கு அது பொருந்தும் என்பதற்கு நிபந்தனைகள் உள்ளதால் உள்ளூர் அஞ்சலகத்தில் முதலில் ஒரு பிரதியைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. இணையக் கடைகளில் உடுமலைப்பேட்டையிலிருந்தே இயங்கும் உடுமலை போன்றவை இருப்பது நம் பகுதிக்கு வசதி. மின்னூலைப் பொறுத்தவரை, கிண்டில் 2016 டிசம்பரில் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகு எவரும் தாமே நூலேற்ற முடிகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: கிண்டிலின் கேடிபி செலக்ட் என்ற தொண்ணூறு நாள் திட்டத்தில் சேர்த்த நாவலின் மின்வடிவம் அந்த நாட்களில் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற இணையத் தளத்தில் தொடராக எழுதியதை அப்படியே விட்டுவிட்டு இங்கே சேர்த்தால் நிபந்தனை மீறலாகும்.

மலையாள உரிமைக்கு வருகிறேன். மலையாள வாசகருக்குத் தமிழ் நாவல் அந்நியமன்று. எல்லைப்புற நாவலில் வரும் ஊர்களும் ஆறுகளும் சந்தைகளும் அவர்களுக்கும் சொந்தமானவை. நெய்யாற்றின்கரைச் சந்தையில் நடக்கும் கதையைத் திருநெல்வேலி வாசகரைவிடத் திருவனந்தபுரத்து வாசகர் நெருக்கமாக உணரக்கூடும். இரு மொழியும் படிக்கத் தெரிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் நம் பகுதியில் ஏராளம். நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களை அவர்களில் ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்து, உரிய ஊதியமும் கொடுத்து, ஒரு பக்கச் சுருக்கத்தோடு மலையாளப் பதிப்பகங்களுக்கு அனுப்பலாம். உரிமை எழுத்தாளர் கையில் இருந்தால்தான் அவர்கள் கேட்டவுடன் ஒப்பந்தம் போட முடியும். தமிழ்ப் பதிப்பாளரிடம் எல்லா உரிமையும் போய்விட்டால், அவருக்கு மலையாளத் தொடர்பு இல்லாத நிலையில், அந்தக் கதவு சாத்தியபடியே கிடக்கும்.

கடைசியாக, எந்த மாதத்தில் வெளியிடுவது என்ற கேள்வி. டிசம்பரில் எல்லா அச்சகங்களும் சென்னைக் காட்சிக்கான வேலையில் மூழ்கியிருக்கும். அவசரத்தில் மெய்ப்புப் பிழைகள் தங்கும், கட்டுமானம் கெடும், நூற்றுக்கணக்கான புதிய நூல்களுக்கிடையே அறிமுகமில்லாத பெயர் கண்ணில் படாது. எல்லையோர எழுத்தாளர் ஜூன் மாதத்தைத் தேர்ந்துகொள்வது மேல். பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19 முதல் கேரளம் முழுவதும் வாசிப்பு நாள் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வாயனசாலைச் செயலாளர்களைச் சந்திக்க அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. ஆகஸ்டில் ஈரோடு, அடுத்து அண்டை மாவட்டக் காட்சிகள், இடையில் ஒன்றிரண்டு விமர்சனக் கூட்டங்கள் என்று ஆறு மாதம் ஓடினால், ஜனவரியில் நந்தனம் மைதானத்தில் ஸ்டாலுக்கு வரும் வாசகர் அந்த நாவலைப் பற்றி எங்கோ ஒரு மதிப்புரை படித்தவராக இருப்பார். முதல் அச்சில் நேர்ந்த பிழைகளைத் திருத்திய இரண்டாவது நூறு பிரதிகளை அதற்குள் அச்சகத்திலிருந்து எடுத்துவிடவும் முடியும்.